முதல் வரியைத் தாண்டாத கவிதை

கவிதை எழுதுகிறவர்களால் ஊருக்கு எந்த ஆபத்தும் இல்லை. எழுதுவார்கள், மடித்து வைப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், அவ்வளவுதான். அவர்கள் கையில் யாராவது மைக்கைக் கொடுக்கும்போதுதான் ஊர் உஷாராக வேண்டும். என் விஷயத்தில் கேரளத்து ஏலமலையில், வண்டன்மேட்டுப் பக்கம் யாரும் உஷாராக இருக்கவில்லை.

அதனால் என்ன ஆனது என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன். நான் எழுதிய கவிதையை ஒரு ஹால் நிறைய மலையாளிகள் ஒரே குரலில் பாடியிருக்கிறார்கள். எத்தனை தமிழ்க் கவிஞர்களுக்கு இது வாய்த்திருக்கும், சொல்லுங்கள். (பாடியது முதல் வரியை மட்டும்தான். இரண்டாவது வரி இன்றுவரை அந்த ஹாலை எட்டிப் பார்த்ததில்லை. இதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.)

அப்போது நான் டிகிரி முடித்துவிட்டு, ஒரு ஏலக்காய் வியாபாரியின் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். சல்லடையில் போட்டுச் சலித்து, பெரிய காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். கை பாட்டுக்குப் பிரிக்கும், வாய் பாட்டுக்குக் கவிதையை முணுமுணுக்கும். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குக் காத்துக்கருப்பு அடித்திருப்பதாக நம்பி, அம்மாவைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா, "அதெல்லாம் இல்ல, அவ கவிஞரு" என்று பதில் சொன்னாளாம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

மேடை ஏற ஏறத்தான் கவிதை கூர்மையாகும் என்று யூடியூபில் ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு அது வேதவாக்கு. எங்கள் பக்கத்தில் தமிழுக்கு மேடை இல்லாததால், கம்பம் மெட்டு வழியாக மலை இறங்கிக் கம்பத்தில் நடக்கும் கவியரங்கங்களுக்குப் போவேன். பெரிய கவிஞர்கள் எல்லாரும் முடித்து, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகு, "புதிய கவிஞர்கள் யாராவது?" என்று கேட்பார்கள். நான் எப்போதும் அந்த "யாராவது" தான். என் கவிதைகளைக் கடைசிவரை கேட்ட ஒரே ரசிகர் அந்தப் பந்தல்காரர். அவருக்கும் நாற்காலி எடுக்க வேண்டியிருந்ததால்தான் நின்றார்.

ஆனால் நான் சும்மா திரும்பவில்லை. பெரிய கவிஞர்களைப் பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றேன். ஒரு வரியைச் சொல்ல வேண்டும். அதையே திரும்பச் சொல்ல வேண்டும். பிறகு முகத்தை லேசாகச் சாய்த்து நிற்க வேண்டும். கைத்தட்டு வரும். வந்த பிறகுதான் அடுத்த வரி. யாராவது "மறுபடியும்!" என்று கத்திவிட்டால் லாட்டரி அடித்த மாதிரி. உடனே அந்த வரியை மறுபடி சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் கேட்டவருக்கு அவமானம். கைத்தட்டு வராமலே அடுத்த வரிக்குத் தாவுகிறவர் கவிஞரே இல்லை, செய்தி வாசிப்பவர். (கடைசி வாக்கியம் என் சொந்தத் தீர்ப்பு. அந்த வயதில் நான் நிறையத் தீர்ப்புகள் வழங்கிக்கொண்டிருந்தேன்.)

இப்படி நான் முழுத் தகுதியோடு இருந்த சமயத்தில்தான் எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது மலையாளிகள் நடத்தும் நூலகத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதை ஓப்பன் மைக் என்று போஸ்டர் ஒட்டினார்கள். செக்ரட்டரி சுகுமாரன் மாஷ், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். நேராக அவரிடம் போய், "மாஷே, இந்த மலையில பாதிப் பேரு தமிழ் பேசுதோம். தமிழ்ல ஒரு கவிதை வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, என்னைப் பார்த்தார்.

"மோளே, ஒரு தடவை நோக்காம். ஆளுகளுக்கு இஷ்டப்பட்டா மாசம்தோறும் தமிழுக்கு அஞ்சு மினிட்டு தரலாம். இல்லெங்கில் கமிட்டி சம்மதிக்காது. பெல் அடிச்சா நிறுத்தணும், கேட்டோ."

அந்த அஞ்சு நிமிடத்தில் தமிழின் மானமே என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். தமிழின் மானத்துக்கு அது தெரியாது.

"மலையேறி வந்தவள்" என்று நான்கு பக்கத்தில் ஒரு கவிதை எழுதினேன். அம்மாவைப் பற்றியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இந்த மலைக்கு வந்து, அன்றிலிருந்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள் என் அம்மா. முதல் மூன்று பக்கமும் பசி, மழை, அட்டைப்பூச்சி. அம்மா நேரடியாக வருவது கடைசிப் பக்கத்தில்தான். "கடைசியில ஒன்னையப் பத்தி ஒரு சங்கதி வருது, அப்பப் பாரு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். என்ன சங்கதி என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. மேடையில் கேட்டு அவள் கண் கலங்க வேண்டும், அதை நான் மேலே நின்று பார்க்க வேண்டும் என்பது என் திட்டம்.

அம்மா அதை லயம் பூராவும் சொல்லிவிட்டாள். (எஸ்டேட் வீட்டு வரிசைக்கு லயம் என்று பேர். அதில் ஒரு வீட்டில் சொன்னால் எல்லா வீட்டிலும் சொன்ன மாதிரி.) ஞாயிற்றுக்கிழமை சந்தையை விட்டுவிட்டு, தீபாவளிச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஒரு ஜீப் கொள்ளாத அளவுக்குப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். அம்மாவின் கூட்டாளி தங்கமாரி அத்தை முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அம்மாவும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் காய் எடுப்பவர்கள்.

வாயனசாலைக்குள் நுழைந்ததும் எங்கள் பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். முன்வரிசையில் அவர்கள் எஸ்டேட் சூப்பர்வைசர் குரியன் சார் உட்கார்ந்திருந்தார். அவர் வாயனசாலைக் கமிட்டியிலும் இருப்பவர் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் இந்த முகத்தைப் பார்க்க வேண்டுமா என்று தங்கமாரி அத்தை முனகினாள். அவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்.

நிகழ்ச்சி தொடங்கியது. ஒருவர் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடி, ராகம் போட்டு, நீளமான கவிதை ஒன்றைப் பாடினார். அருமையாக இருந்தது. ஆனால் ஹாலில் ஒரு சத்தம் இல்லை. வரிக்கு வரி ஒருவரும் தட்டவில்லை. சிலர் கண்ணை மூடியிருந்தார்கள். "பாவம், எடுபடல" என்று நினைத்தேன். அடுத்து ஒரு டீச்சர் வாசித்தார். அதே அமைதி. இவர்களுக்குக் கவிதையை ரசிக்கவே தெரியவில்லை, இன்றைக்கு இவர்களைத் தட்ட வைத்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன். அவர்கள் ஊரில் கவிதையை மதிப்பதென்றால் வாயை மூடிக்கொண்டு கேட்பது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன்.

எனக்கு முன்னால் வந்தவர் கஞ்சிரா வைத்துக்கொண்டு நாட்டுப்பாட்டு பாடினார். அவர் ஒரு வரி பாட, ஹாலே அதைத் திருப்பிப் பாடியது. பாடுவதற்கு இத்தனை உற்சாகம், கைதட்ட மட்டும் சோம்பேறித்தனமா என்று எனக்கு எரிச்சல்.

மாஷ் என் பெயரைச் சொன்னார். "தமிழில், முத்துக்கனி." நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். பின்வரிசையில் அம்மா, சேலையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்துக்காக இப்போதே தயாராகிவிட்டாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைச் சொன்னேன்.

"மலையேறி வந்த பசி இன்னும் இறங்கலையே!"

திரும்பச் சொன்னேன். முகத்தைச் சாய்த்து நின்றேன்.

ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் மாஷ் கண்ணை மூடியிருந்தார். மைக் வேலை செய்யவில்லையோ என்று தட்டிப் பார்த்தேன். வேலை செய்தது, எல்லாருக்கும் காது அடைத்திருக்கும். இன்னொரு முறை சொன்னேன். முகத்தை அடுத்த பக்கம் சாய்த்தேன். ஒருவேளை அந்தப் பக்கம் எடுப்பாக இருக்கலாம். அப்போதும் கைத்தட்டு இல்லை. கைத்தட்டு இல்லாமல் அடுத்த வரிக்குப் போக என் கொள்கை இடம் கொடுக்கவில்லை.

கடைசியாக, கெஞ்சலும் ஆத்திரமுமாக, "இறங்கலையேஏஏஏ" என்று இழுத்துவிட்டேன். இழுத்த இழுப்பில் அதில் ஒரு ராகம் விழுந்துவிட்டது.

மாஷ் கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் இழுத்தும் காட்டினால் மலையாளத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கூடப் பாடச் சொல்லிக் கேட்கிறாள், பாவம், நாம் புரியாமல் உட்கார்ந்திருக்கிறோம்! அவர் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கி, "எல்லாவரும் ஏற்றுபாடூ!" என்றார்.

ஹால் மொத்தமும் பாடியது: "மலையேறி வந்த பசி இன்னும் இறங்கலையேஏஏஏ!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. கம்பத்துக் கவியரங்கில் ஒருவர் "மறுபடியும்" கேட்டாலே பெரிய விஷயம். இங்கே ஒரு ஹாலே என் வரியைத் திருப்பிச் சொல்லி மறுபடியும் கேட்கிறது! கேட்டால் சொல்ல வேண்டியது கவிஞரின் கடமை. சொன்னேன். அவர்களும், ஒரு தமிழ்ப்பெண் பாடச் சொல்கிறாளே என்று மரியாதையாகப் பாடினார்கள். அவர்கள் கேட்கிறார்களே என்று நான் மறுபடி சொன்னேன். நான் சொல்கிறேனே என்று அவர்கள் மறுபடி பாடினார்கள். இரண்டு பக்கமும் மரியாதையில் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. நிறுத்துவதற்குத்தான் ஆளில்லை.

கொஞ்ச நேரத்தில் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. கையில் நான்கு பக்கம் இருக்கிறது, பின்வரிசையில் அம்மா இருக்கிறாள். கடைசிப் பக்கம் வரவேண்டுமே! கொள்கையைக் காற்றில் விட்டு, "மழையிலே நனைந்த…" என்று இரண்டாவது வரியைத் தொடங்கினேன். அந்நேரம் பார்த்து நாட்டுப்பாட்டுக்காரர் கஞ்சிராவோடு மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார். அவர் தட்டிய தட்டில் என் மழை காணாமல் போனது. குரியன் சார் எழுந்து நின்று, கண்களை மூடி, அத்தனை பேரிலும் உரத்த குரலில் "இறங்கலையே" என்று இழுத்தார். சர்ச்சில் பாடிப் பழகிய தொண்டை, ஹால் கூரை அதிர்ந்தது. இதைப் பார்த்த தங்கமாரி அத்தை, சூப்பர்வைசரே பாடுகிறார் இனி என்ன பயம் என்று நினைத்தாளோ என்னவோ, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். அதற்குப் பதிலாக மலையாளத்துப் பெண்களும் அவர்கள் குரவையை இட்டார்கள். வெளியே ரோட்டில் போன ஜீப் ஒன்று, உள்ளே ஏதோ கல்யாணம் என்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

பெல் அடித்தது.

அதன் பிறகுதான் கைத்தட்டு வந்தது. நான் அதுவரை கேட்டிராத கைத்தட்டு, நிற்கவே இல்லை. நான்கு பக்கத்தையும் மார்போடு அணைத்தபடி கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் நினைத்தார்கள். அழுகைதான் அது. தமிழுக்குக் கிடைத்த அஞ்சு நிமிடத்தை ஒற்றை வரியில் தின்று தீர்த்துவிட்டேனே, அம்மா சந்தையை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்ற அழுகை.

மாஷ் மைக்கை வாங்கினார். "ஒற்ற வரி! ஒற்ற வரியில் ஒரு ஜீவிதம்! தமிழ்க் கவிதை இத்தற சுருக்கம்னு எனக்கு அறியாது" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கமிட்டிக்காரர்கள் அங்கேயே கூடிப் பேசி, மாதம்தோறும் தமிழுக்கு அஞ்சு நிமிடம் என்று அறிவித்தார்கள். அடுத்து யாரோ ஒரு அம்மா கட்டன்சாயாவும் தட்டு நிறையப் பரிப்புவடையும் கொண்டுவந்து முதலில் என் கையில் வைத்து, "கழிக்கு மோளே, விசப்பு இறங்கட்டே" என்றார். சாப்பிடு, பசி இறங்கட்டும் என்று அர்த்தம். அன்றைக்கு என்னைக் கடந்துபோன ஒவ்வொருவரும் ஒரு வடையை என் தட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். நான்கு பக்கம் எழுதி, வடைக்கு மனுப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. (வடை நன்றாக இருந்தது. அழுதுகொண்டே அத்தனையும் சாப்பிட்டேன்.)

ஜீப்பில் ஏறியதும் அம்மா கேட்டாள்.

"ஏட்டி, கடைசியில என்னையப் பத்தி வரும்னு சொன்னியே. எங்க?"

"அதுவரைக்கும் போவ முடியலம்மா."

"அதுக்காவத்தான சந்தைய விட்டுட்டு வந்தேன்? இப்பச் சொல்லு."

"இப்ப வேண்டாம்மா."

"நீ சொல்லுத வரைக்கும் நான் எறங்க மாட்டேன். ஜீப்புலயே கெடப்பேன்."

ஜீப் குலுக்கலில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திக் கடைசிப் பக்கத்தை வாசித்தேன்.

"ஆளுயர ஏலச்செடி அடியில்
அம்மா ஒளித்துவைத்த சொத்து ஒன்று உண்டு.
மதியச் சோற்றுக்குப் பின்னால்
மண்ணில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம்.
சத்தமில்லாத செருப்போடு
சூப்பர்வைசர் வரும் வழியில்
தங்கமாரி இருமுவாள்.
என் தாய் எழுந்து ராணிபோல் காய் எடுப்பாள்."

ஜீப்பில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. மலையாள வாயனசாலையின் அமைதி எங்கள் ஜீப்புக்குள் வந்துவிட்டது. எல்லாரும் நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"அடிப்பாவி!" என்று தங்கமாரி அத்தை முன்சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பினாள். "எம் பேரை எதுக்குட்டி அதுல போட்ட? நான் இருமுறதக்கூட எழுதிருக்கா பாரு!"

"முன்னால ஆரு உக்காந்திருந்தா தெரியும்லா?" என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஸ்டேட் பெண்கள் அத்தனை பேரும் காலங்காலமாகக் காப்பாற்றி வந்த ரகசியத்தை, இடம், நேரம், ஆள், இருமல் எல்லாம் சேர்த்து, சூப்பர்வைசருக்கு நேராக மைக்கில் வாசிக்கத்தான் நான் அத்தனை பாடுபட்டிருக்கிறேன். அம்மாவைக் கண்கலங்க வைக்க வேண்டும் என்ற என் திட்டம் நிச்சயம் பலித்திருக்கும். மறுநாள் காலையில் வேலை கேட்டுக் கண்கலங்கியிருப்பாள்.

"மலையாளத்தான் நல்லா இருக்கணும்" என்று தங்கமாரி அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒத்த வரியோட இவ வாய அடைச்சான்."

முதலில் சிரித்தது அம்மாதான். அவள் சிரிக்க, பின்சீட்டு சிரிக்க, ஜீப்பே சிரித்தது. டிரைவர் ஓரம்கட்டி நிறுத்திவிட்டார். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மா, என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ராணின்னு வருதுல்லா… அத இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ மேடையில் எத்தனையோ பேர் "மறுபடியும்" கேட்டிருக்கிறார்கள். அம்மா கேட்டதுதான் எனக்குப் பெரிசு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

அந்த ஹாலில் தமிழுக்கான அஞ்சு நிமிடம் இன்றும் இருக்கிறது. கம்பத்துப் பழக்கத்தை விட்டு, கைத்தட்டுக்குக் காத்திருக்காமல் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். கூட்டம் அமைதியாக இருந்தால் பயப்படாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். நான் என்ன வாசித்தாலும் முடிவில், "மோளே, ஆ விசப்பு" என்று யாராவது கேட்பார்கள், ஹால் பாடும். அன்றைய வீடியோ மலை பூராவும் வாட்ஸாப்பில் சுற்றியதில், என்னைத் தெரியாதவர்களுக்கும் அந்த வரி தெரியும். சோறு தாமதமானால் எங்கள் லயத்துப் பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு அதைத்தான் பாடுகிறார்கள். தினமும் மூன்று வேளை பயன்படுகிற கவிதை என்னுடையது.

ஆனால் அதன் உண்மையான பலன் அடுத்த காயெடுப்பில்தான் தெரிந்தது. குரியன் சாருக்கு அந்த ராகம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பவர், இப்போது தோட்டத்தில் கால் வைத்ததிலிருந்தே "மலையேறி வந்த பசி" என்று உரக்கப் பாடிக்கொண்டுதான் வருகிறார். அவர் தொண்டை இரண்டு சரிவு தாண்டிக் கேட்கும். பெண்கள் நிதானமாக எழுந்து, முகம் துடைத்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு காய் எடுக்க உட்கார நேரம் இருக்கிறது. (அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.) இனி இரும வேண்டிய அவசியம் இல்லாததால் தங்கமாரி அத்தையும் தூங்குகிறாள்.

இப்போது வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அம்மா என்னைக் காட்டி, "ஏம் மவ கவிஞரு. இவ எழுதின ஒத்த வரியாலதான் எஸ்டேட்டுல நாங்க பொம்பளைங்க நிம்மதியாத் தூங்குதோம்" என்பாள். வந்தவர்கள் அது ஏதோ பெரிய புரட்சிக் கவிதை என்று நினைத்து, எழுந்து நின்று கும்பிடுவார்கள். நானும் மறுப்பதில்லை.